மௌனச் சித்தரும் ஒரு முழம் நூலும்

கணினிக்கு அருள் வந்த கதை கேட்டிருக்கிறீர்களா? எங்கள் கடைத்தெருவில், போட்டோ கடை மாடியில் வந்தது. வரவழைத்தவர் மௌனச் சித்தர். பெயர்தான் மௌனம், வாய் ஓயாது.

சின்னக் கணினிப் பெட்டியா? இரைகிறதா? திரைக்குப் பின்னால் எடுத்துப்போவார். மூன்று நிமிட முணுமுணுப்பு. திரும்பி வரும்போது பெட்டிமேல் செப்புத் தகடு ஒட்டியிருக்கும். இரைச்சல் போன இடம் தெரியாது.

"சத்தம்தான் சூடு. சத்தம் போச்சா, சூடும் போச்சு. இங்க நிக்காதீங்க, உடனே வீட்டுக்குக் கிளம்புங்க."

மாடிப்படி முழுக்க, பெட்டியைக் கைக்குழந்தைபோல் அணைத்தபடி வரிசை. முதல் ஆள் ஓர் இயற்பியல் பேராசிரியர். படித்தவர் அல்லவா, விடியுமுன்பே வந்துவிட்டார்.

அங்கே தகடு வாங்கி வந்தவள்தான் வாசிப்புக்காரி. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் வாசித்துப் பதிவுசெய்வது அவள் வேலை. அலமாரி அளவு அறை, மேசையில் சின்னப் பெட்டி, ஒவ்வொரு வரியிலும் விசிறிச் சத்தம். தகடு வந்ததும் அமைதி. பூரித்துப்போனாள். மூன்றாம் பாடத்தின் நடுவில் பெட்டி கொதித்து அணைந்தது. காலையிலிருந்து வாசித்ததெல்லாம் போயிற்று. நாலு நாளில் தேர்வு. நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

மறுநாள் காலையிலேயே சித்தரிடம் ஓடினாள்.

"உங்க மனசுல சந்தேகம் இருந்திருக்கும்மா. அந்தச் சூடுதான்."

அழுதுகொண்டே தலையாட்டினாள். கூடவந்த நாத்தனார் தலையாட்டவில்லை. அவள் தையல்காரி, அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள்.

"அண்ணி, கொஞ்சம் நகருங்க."

பையிலிருந்து ஒரு முழம் நூலை எடுத்தாள். வரிசையில் முதலில் நின்ற பேராசிரியரின் பெட்டியை ஓடவிட்டு, காற்று வெளியேறும் துளையருகே பிடித்தாள். நூல் படபடவென்று ஆடியது.

"சாமி, இப்ப உங்க வேலையக் காட்டுங்க."

நூல் எதற்கென்று சித்தருக்குப் புரியவில்லை. காணிக்கை என்றே நினைத்திருப்பார். திரைக்குப் பின்னால் போனார், முணுமுணுத்தார், தகட்டோடு வந்தார். அவள் மறுபடி நூலைப் பிடித்தாள். அசையவில்லை.

"பாத்தீங்களா, என்ன சாந்தம்!" என்றார் சித்தர்.

"சாந்தமா? மூச்சே இல்லையே!"

கத்தரி நுனியால் திருகாணிகளைக் கழற்றினாள். விசிறியின் ஒயரைப் பிடுங்கி ஓரமாகச் செருகியிருந்தது. கூட்டம் திரும்புவதற்குள் சித்தர் பின்படியில் இறங்கிவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக, மௌனமாக.

பேராசிரியர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இந்தத் தகட்டை வேற எதுக்காவது வச்சுக்கலாமாம்மா?"

"நெத்தியில ஒட்டிக்குங்க சார். அங்கதான் ரொம்ப நாளா ஒண்ணும் ஓடல."

அன்றே அண்ணியின் கணினி ஒரு சாண் பெரிய பெட்டிக்கு மாறியது. மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி. உள்ளே காற்றுப் போகவர இடம். "இறுக்கித் தைச்சா மூச்சு முட்டும் அண்ணி. கொஞ்சம் தாராளமா விட்டாத்தான் சத்தமும் அடங்கும், சூடும் இறங்கும்." தேர்வுக்கு முந்தின நாள் நாற்பது பிள்ளைகளின் காதிலும் எல்லாப் பாடமும் ஒலித்தது.

சித்தர் இப்போது அடுத்த ஊரில் இருக்கிறாராம். வரிசை இன்னும் நீளமாம். ஒரு பெட்டிக்கு நாலே நாலு திருகாணி. அவ்வளவு பெரிய வரிசையில் ஒருவருக்கும் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. உங்களுக்காவது தோன்றுமா?