ஒரு மனுசருக்குப் பத்து ரன்

"எனக்கு ஒரு மனுசரோட பேசணும்."

ஜெசிந்தா தட்டிவிட்டாள். மெசேஜ் அனுப்பும் அந்த மெசினிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று முதலாளி விஜய்பாண்டி மாதம் பிறந்த அன்றே போனில் சொல்லியிருந்தார். மெசின் ஒரு முறை ஓடினால் ஒரு ரன்; மெசேஜ் ஒன்றுக்கு ஒரு ரன் கழியும். மனுசர் வேண்டுமென்றால் பத்து.

திரையில் உடனே எழுத்து வந்தது: "மகிழ்ச்சி. எங்கள் பணியாளர் உங்களை அழைப்பார். இன்றைய மீதி: 28."

தேவை நாற்பது.

கம்பம் டவுனில் உரக்கடைக்கு மேல் மாடியில், திராட்சை ஏற்றி அனுப்பும் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு ஜெசிந்தா. நாற்பது தோட்டங்களுக்கு லாரி வரும் நேரத்தைச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் பழம் வெட்டுவார்கள். முன்னாடியே வெட்டினால் வெயிலில் வாடும். வெட்டாமல் இருந்தால் லாரி நிற்காது. மெசேஜ் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்தவள் அவள்தான். வீட்டில் முதல் டிகிரி. "எம்மக கம்ப்யூட்டருக்கே வேலை சொல்றா" என்று அப்பா இஞ்ஞாசிமுத்து ராயப்பன்பட்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

போன மாதம் வரை அளவில்லாமல் ஓடியது. இந்த மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு ஐம்பது ரன்தான் என்று மென்பொருள் கம்பெனி லிமிட் போட்டுவிட்டது. நாற்பது தோட்டத்துக்கு ஐம்பது தாராளம். ஆனாலும் தினமும் கடைசி இரண்டு மூன்று தோட்டங்களுக்கு மெசேஜ் போவதில்லை.

இன்று கம்ப்யூட்டரைத் திறந்தபோதே 47. சரியாகப் போகிறதா என்று மூன்று முறை சோதித்தாள். சோதனைக்கும் ரன் உண்டாம். 44.

முதலாளிக்கு வாட்ஸ்அப் அனுப்பினாள். "சார், லிமிட் பத்தல. கூடுதலா வாங்கித் தாங்க."

"பாத்துக்கலாம்மா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சார்."

"நல்லதும்மா."

41.

அவர் குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் இருப்பவர். மாடி ஏறி ஐந்து மாதம் ஆகிறது. ஆனால் காலை, மதியம், சாயங்காலம் இந்தக் கேள்வி மட்டும் தவறாது. கோயம்புத்தூரில் கிடைத்த வேலைக்கு ஜெசிந்தா ஆறு நாளாகப் பதில் போடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இந்த மாடியில் நாள் முழுக்க அவளிடம் வேறு யாரும் எதுவும் கேட்பதில்லை. பதில் போட இன்றுதான் கடைசி நாள்.

"சார், அவசரம். பழம் வீணாப் போகும்."

"உன் மேல நம்பிக்கை இருக்கும்மா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சார்."

"நல்லதும்மா."

38. இரண்டு தோட்டம் குறைந்தது. அப்போதுதான் அவள் மனுசரைக் கேட்டாள். இப்போது பன்னிரண்டு குறைகிறது.

அழைப்பார் என்ற பணியாளர் அழைக்கவில்லை. ஜெசிந்தா திரையை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, செல்போனை எடுத்து நாற்பது பேரிடமும் தானே பேசினாள். கடைசி ஆள் அம்மாவாசி.

"ஐயா, லாரி ரெண்டு மணிக்கு."

"யாரு பேசுறது?"

"ஆபீஸ்ல இருந்து ஜெசிந்தா."

"ஏ ஆத்தா, அங்கன ஆளு இருக்கா?"

"எட்டு மாசமா நாந்தான் இருக்கேன்."

"மெசினு வாங்கிட்டோம்னுல்ல ஒங்க மொதலாளி சொன்னாக. தெனம் வணக்கம்னு வரும். மெசினுக்கு எதுக்குப் பதில்னு விட்டுட்டேன்."

"அந்த வணக்கம் நான் எழுதினதுய்யா."

"அப்பிடியா. எட்டு மாச வணக்கத்தையும் சேத்துச் சொல்லிர்றேன். பிடிச்சுக்க."

போனை வைத்தபோது தொண்டை வறண்டிருந்தது. இருபத்தெட்டு ரன்னை மடியில் கட்டிக்கொண்டு மெசின் சும்மா இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. கோயம்புத்தூருக்கு "வருகிறேன்" என்று அனுப்பினாள். முதலாளிக்கு, "சார், நான் வேலைய விட்டு நிக்கிறேன். சாவி கீழ உரக்கடை சொர்ணலதா அக்காட்ட இருக்கும்." திறக்காத டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக் கதவைப் பூட்டினாள்.

மூன்றாவது படியில் போன் அதிர்ந்தது.

"உன் மேல நம்பிக்கை இருக்கும்மா. சாப்பிட்டியா?"

கால் நின்றுவிட்டது. வேலையை விடுகிறேன் என்கிறவளிடம் ஒரு கோபம் இல்லை, சாப்பிட்டியா என்கிறார். இப்படிப்பட்டவரை விட்டுவிட்டா போவது? சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது.

"வணக்கம் மேடம், சாஃப்ட்வேர் கம்பெனியில இருந்து பவானி. மனுசர் கேட்டிருந்தீங்க."

"நீங்க மனுசிதானா?"

"ஆமா மேடம்." நடுவில் கொட்டாவி ஒன்று கேட்டது. ஜெசிந்தா நம்பினாள்.

"உங்க ரன் எங்க போகுதுன்னு பாத்துட்டேன் மேடம். உங்க முதலாளி பேர்ல ஒரு ஆட்டோமேஷன் ஓடுது. நீங்க எதை அனுப்பினாலும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லி, சாப்பிட்டியான்னு கேக்கும். நீங்க எதுவும் அனுப்பலன்னா மூணு வேளையும் அதுவே கேக்கும்."

ஜெசிந்தா இறங்கத் தொடங்கினாள்.

"லைன்ல இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன்."

சாவியைச் சொர்ணலதாவின் மேசையில் வைத்தாள். தெருவுக்கு வந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு 'சாப்பிட்டேன் சார்'னு பதில் போடுற ஆட்டோமேஷன், நீங்களே போட்டது, உங்க பேர்ல இருக்கு மேடம்" என்றாள் பவானி. "ரெண்டும் ஒண்ண ஒண்ணு விசாரிச்சுக்கிட்டே இருக்கு, தடவைக்கு மூணு ரன். எதை நிறுத்தட்டும்?"