தங்கள் தங்கையின் பெடல் விஷயமாக

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டிலுள்ளோர் அனைவரும், தங்கள் முழங்கால்கள் உட்பட, சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நான் சுகம். தங்கள் தங்கையும் சுகம். ஆனால் இரண்டு சுகமும் மூன்று நாளாக ஒன்றோடொன்று பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

டெலிபோன் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் டிரம் வாங்கி, பாடுகிற பஸ் டிரைவரோடும் கிடார் வாசிக்கிற மருந்துக்கடைக்காரரோடும் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தது தங்களுக்குத் தெரியும். வாழ்த்துக் கடிதம் எழுதியதே தாங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. அந்தக் குழுவின் பெரிய டிரம்மைக் கையால் அடிப்பதில்லை. முன்னால் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் ஒரு தோல் பட்டை இழுக்கும், ஒரு தடி போய் டிரம்மைக் குத்தும், ஒரு ஸ்பிரிங் தடியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் டீயை ஆற்றிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பொதுவாக, "இந்தப் பெடல் கொஞ்சம் மெதுவா திரும்புது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முப்பத்தாறு வருஷம் தையல் மெஷின் ரிப்பேர் செய்தவன் காதில் அது விழுந்திருக்கக் கூடாது. காலால் மிதிக்கிற எல்லாமே என் இலாகா அல்லவா?

முதலில் தையல் மெஷினின் மிதிப்பலகையையும் சக்கரத்தையும் அப்படியே கொண்டுவந்து டிரம்முக்கு மாட்டினேன். மிதிக்க வெண்ணெய் மாதிரி இருந்தது. ஒத்திகையில் பாட்டு முடிந்தது, டிரைவர் தண்ணீர் குடிக்கப் போனார், கிடாரைக் கழற்றியாயிற்று, டிரம் மட்டும் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. சக்கரம் ஓய்வதற்குள் பதினான்கு அடி. தங்கள் தங்கை இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் மெதுவாக, "அக்கா, பாட்டு முடிஞ்சிருச்சு" என்றார். "எனக்குத் தெரியும் தம்பி. இதுக்குத்தான் தெரியல" என்றாள்.

சரி, சக்கரம் வேண்டாம், ஸ்பிரிங்கை மாற்றுவோம் என்று வாசல் கதவைத் தானாக மூடுகிற ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டேன். தடி போன வேகத்தைவிடத் திரும்பிய வேகம் அதிகம். அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு கத்திரிக்காய் அளவுக்கு வீங்கியது. கதவும் இப்போது மூடாது என்பதால், கீழ்வீட்டுப் பல் டாக்டர் மணியடிக்காமல் நேரே உள்ளே வந்துவிட்டார். விரலில் கட்டு. "உங்க வீட்டுல ஒரு அடி விழுந்தா என் பேஷன்ட் வாயை மூடிடறாரு. உள்ள என் விரல் இருக்கு சார்" என்றார். நியாயமான புகார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பெடலைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அதோடு அவரும் இந்தப் பெடல் பைத்தியத்தில் விழுந்தார். "என் டிரில் மெஷினுக்கும் பெடல்தான். கால வச்சா ஓடணும், எடுத்தா நிக்கணும். இது என்ன, முரண்டு பிடிக்குது?" என்று தரையில் உட்கார்ந்தவர் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. ஊசி போட்டு நாற்காலியில் உட்காரவைத்த நோயாளி, மரத்த வாயோடு அவரைத் தேடி மேலே வந்து, தானும் ஒரு யோசனை சொன்னார். என்ன சொன்னாரென்று கடைசிவரை விளங்கவில்லை.

பஸ் டிரைவர் மட்டும் என்ன குறைச்சலா? "குதிகால் தரையில நிக்கணும் சார், முன்பாதம்தான் வேலை செய்யணும். நான் பிரேக்கை அப்படித்தான் மிதிக்கிறேன்" என்றார். அந்தத் தையல் மெஷின் பலகையை இரண்டாக வெட்டி, அலமாரிக் கீல் வைத்து இணைத்து, தனியாக ஒரு புதுப் பெடல் செய்தேன். தோல் பட்டைக்குப் பதில் மருந்துக்கடைக்காரரின் சைக்கிள் செயின். அவர் இப்போது நடந்துதான் கடைக்குப் போகிறார். நிஜமாகச் சொல்கிறேன், பெடல் அருமையாக வந்துவிட்டது. நான் மிதித்துப் பார்த்தேன், டாக்டர் மிதித்துப் பார்த்தார், மிதிக்காதது தங்கள் தங்கை ஒருத்திதான். "சனிக்கிழமை கச்சேரி. அதுவரைக்கும் என் பெடலை யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். அவள் பெடலை நான் தொடவில்லை. காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் புதியதை வைத்தேன்.

நூலக மண்டபத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கச்சேரி. மூன்று பாட்டு அமோகம். நானும் டாக்டரும் மூன்றாவது வரிசையில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான்காவது பாட்டின் நடுவில் செயின் அறுந்தது. அவள் ஒரே ஒரு தடவை கீழே பார்த்தாள். பெடலை எத்தி ஓரமாகத் தள்ளினாள், ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டாள், செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலாலேயே டிரம்மை உதைக்க ஆரம்பித்தாள். தாளம் ஒரு இழை பிசகவில்லை. அந்தப் பாட்டு மட்டுமல்ல, மீதி இரண்டு பாட்டும் உதையிலேயே ஓடின. சனம் எழுந்து நின்று கைதட்டியது. நூலகத் தலைவர் இப்படியொரு கால் வித்தையைத் தாம் கண்டதில்லை என்று மைக்கிலேயே சொன்னார். வீட்டுக்கு வந்து வீங்கின காலைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு அவள் சொன்னது இதுதான்: "பெடல் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னால எல்லாரும் எப்படி வாசிச்சாங்கன்னு இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அதற்குப் பிறகு பேச்சில்லை. டிரம்மும் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று டாக்டரே மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார். இன்று காலை பெரிய பெட்டியை இறக்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடுக்கினாள். "எங்க?" என்றேன். "அண்ணன் வீட்டுக்கு" என்றாள். பெட்டியை நகர்த்திப் பார்த்தேன், நல்ல கனம். மாதக்கணக்கில் தங்குகிற உத்தேசம் போலிருக்கிறது. மைத்துனரே, இந்த வீட்டில் எனக்கு அவளைத் தவிர வேறு சத்தம் இல்லை. அவள் வந்தால் தயவுசெய்து ஒரு வேளை சாப்பாடு போட்டு, நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பவும். இனி நான் எந்தப் பெடலையும் தொடமாட்டேன். இது சத்தியம்.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் என் அன்பு. பேரப்பிள்ளைகளின் கைகால்கள் உறுதியாக வளரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேலான உதவியை நம்பியிருக்கும் மாப்பிள்ளை

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். அவள் குளிக்கப் போன நேரம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். துணி ஒன்றுகூட இல்லை. உள்ளே இருப்பது முழுக்க என்னுடைய ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல், அரம். பின்னால் வந்து நின்று, "அடுத்த கச்சேரி முடியறவரைக்கும் இதெல்லாம் அண்ணன் வீட்டுல இருக்கட்டும். நான் எங்க போறேன்?" என்றாள். புதுப் பெடலுக்கு அவளே வேறு செயின் போட்டு மாட்டியும்விட்டாள். "நல்லாத்தான் இருக்கு. இதுக்கு மேல நல்லாக்க வேண்டாம்" என்கிறாள். அவள் வாசிக்கும்போது இடது கால் பாதி நேரம் சும்மா இருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். பெட்டி வந்து சேர்ந்ததும் பத்தாம் நம்பர் ஸ்பேனரை மட்டும் எடுத்து, சத்தமில்லாமல், பல் டாக்டர் விலாசத்துக்கு அனுப்பிவைக்கவும்.