பதினெட்டுப் பிள்ளைகளும் முப்பது நாற்காலிகளும்

நாலு மணிக் கூட்டத்துக்கு நாலேகால் வரை ஒருவரும் உள்ளே வரவில்லை. முப்பது நாற்காலிகளையும் எக்ஸ்ரேக்காரரே துடைத்துப் போட்டிருந்தார். பள்ளிக்கூட வாசலில் வண்டிகள் வந்து நின்றன. பிள்ளைகள் இறங்கினார்கள். வண்டிகள் பறந்தன.

அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை அடக்குங்க, விடுங்க" என்ற இரண்டே வார்த்தைகளில் பிழைப்பு ஓடியது. மகள் சாரணர் படையில் சேர்ந்த இரண்டாம் மாதம் பழைய தலைவர் ஊர் மாறிப் போனார். புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்த அன்று இவர் போகவில்லை. போகாதவர் மறுக்க மாட்டார் என்று இவரையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அதற்குள் மேலிடத்துக் கடிதம் வேறு. மாதாமாதம் பெற்றோர் கூட்டம் நடக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் பத்துப் பேராவது ஒழுங்காக வராவிட்டால் படையைக் கலைத்து, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பெரிய படையோடு சேர்த்துவிடுவார்கள்.

"அவ்வளவு தூரம்னா நான் நின்னுடுவேன்ப்பா. எல்லாரும் நின்னுடுவாங்க" என்று மகள் சொல்லியிருந்தாள்.

நாலரைக்குக் கதவருகே ஓர் அம்மாள் தலையை நீட்டினார். ஐம்பதை நெருங்கும் வயது, கையில் பச்சைக் குடை. எக்ஸ்ரேக்காரர் பாய்ந்து போனார்.

"வாங்க, வாங்க. நீங்களாவது வந்தீங்களே."

"இல்லைங்க, நான் ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"எல்லாம் சொல்லலாம். பேசறதுக்குத்தானே கூட்டம். உக்காருங்க."

அந்த ஒருவருக்காகப் பதினோரு விஷயங்கள் எழுதிய நோட்டை நாற்பது நிமிடம் வாசித்தார். அம்மாள் கொட்டாவி விடவில்லை. அதுவே பெரிதாகப்பட்டது. முடித்துவிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னையா கேக்குறீங்க?"

"உங்களைத்தான்."

"நீங்க வாசிக்கிறதைக் கேக்க யாருங்க வருவா? பிள்ளைங்க செய்யறதைப் பாக்கக் கூப்பிடுங்க. வருவாங்க."

அடுத்த மாதம் பிள்ளைகள் முடிச்சுப் போட்டுக் காட்டுவார்கள் என்று அறிவித்தார். ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவரான பேருந்து ஓட்டுநரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிய பிள்ளைகளுக்குக் கட்டத் தெரிந்திருந்தது, அவிழ்க்கத்தான் இன்னும் பாடம் நடக்கவில்லை. ஓட்டுநர் ஐந்தரைக்கு வண்டி எடுக்க வேண்டும். நாற்காலியோடு எழுந்து இரண்டடி நடந்தும் பார்த்தார். கடைசியில் அங்கே வந்திருந்த ஒரு தையல்காரம்மா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

"என் சர்வீஸ்ல இன்னைக்குத்தான் முதல் தடவை லேட்டு" என்றார் ஓட்டுநர்.

இந்தக் கதை பரவி, மூன்றாம் மாதம் இருபத்தாறு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முகாம் மலையிலா ஆற்றங்கரையிலா என்பதில் தொடங்கிய பேச்சு, யார் பிள்ளை யாரைத் தள்ளிவிட்டது என்பதில் போய் நின்றது. ஏழு மணியாகியும் முடிவில்லை. பிள்ளைகள் சுவரோரம் சாய்ந்து தூங்கிப்போனார்கள்.

எக்ஸ்ரேக்காரர் பழக்க தோஷத்தில், "எல்லாரும் மூச்சை அடக்குங்க" என்று கத்தினார். இரண்டு பேர் அடக்கினார்கள்.

அன்று வீட்டில் மனைவி கேட்டாள்: "யாரும் வரலைன்னு கவலைப்பட்டீங்க. இப்ப என்ன கவலை?"

"வந்துட்டாங்களே."

நான்காம் கூட்டத்துக்கு முன் குடைக்காரம்மாவைப் பள்ளிக்கூட வாசலில் பிடித்து, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"ஆளுக்கொரு வேலை குடுங்க" என்றார் அம்மாள். "கையில வேலை இருந்தா வாய் குறையும்."

கொடுத்தார். தையல்காரம்மாவுக்குச் சாரணர் கழுத்துத் துணிகள் தைக்கும் வேலை. உரத்துப் பேசுகிறவருக்குக் குறிப்பெழுதும் வேலை. கூட்டத்தை நடத்தும் பொறுப்பு குடைக்காரம்மாவுக்கு. நேரத்தைக் கவனிப்பது ஓட்டுநர். அந்தக் கூட்டம் ஓரளவு ஒழுங்காக நடந்தது.

ஐந்தாம் கூட்டத்தன்று ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் ஒரு கால் முறிவு வந்தது. எக்ஸ்ரேக்காரர் ஓட்டமாக வந்து சேர்ந்தபோது மணி நாலு தாண்டி ஐந்து நிமிடம். கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

"நேரமாச்சு, வண்டி கிளம்பிடுச்சு" என்றது உள்ளேயிருந்து ஓட்டுநரின் குரல்.

"நான்தாங்க தலைவர்."

"யாரா இருந்தாலும் அடுத்த கூட்டம்தான்."

படிக்கட்டில் ஏற்கெனவே மூன்று பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு கம்பீரமான ஒரு பெண்மணியும் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி அவர்.

படை இன்றோடு போயிற்று என்றே எக்ஸ்ரேக்காரர் நினைத்தார். வேறு வழியில்லாமல் இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

உள்ளே ஒரு சிறுமி நின்று ஆற்றங்கரை முகாமைப் பற்றிப் பேசினாள். அவருடைய மகள்தான். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பெண். நடுவில் தடுமாறினாள். யாரோ சொல்லிக் கொடுக்க வாயெடுத்தார். குடைக்காரம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, "நீ மெதுவா யோசிச்சு சொல்லும்மா. நாங்க இங்கதான் இருப்போம்" என்றார். அவள் யோசித்தாள். பிறகு சொன்னாள். அத்தனை பெரியவர்களும் காத்திருந்து கேட்டார்கள்.

எக்ஸ்ரேக்காரர் மூச்சுவிட மறந்து நின்றார். தாம் உள்ளே இருந்திருந்தால் முதலில் வாயெடுத்திருப்பவர் தாம்தான் என்று அவருக்குத் தோன்றியது.

நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது. அதிகாரி உள்ளே போனார்.

"தலைவர் வெளியில உக்காந்திருக்க, உள்ள கூட்டம் ஒழுங்கா நடக்கறதை இப்பத்தான் பாக்கறேன். படை இங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு கோப்பிலிருந்து சான்றிதழ் ஒன்றை உருவினார். "வருஷத்துக்கு ஒரு பெற்றோருக்குக் குடுக்கறது. யாருக்குக் குடுக்கலாம்?"

எல்லாக் கைகளும் ஒரே பக்கம் நீண்டன. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"எந்தப் பிள்ளையோட அம்மான்னு எழுதணும்?"

ஓட்டுநர் தையல்காரம்மாவைப் பார்த்தார். தையல்காரம்மா எக்ஸ்ரேக்காரரைப் பார்த்தார். எக்ஸ்ரேக்காரர் பதினெட்டுப் பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

குடைக்காரம்மா கூச்சத்தோடு எழுந்து நின்றார்.

"எனக்குப் பிள்ளைங்க இல்லீங்க, நான் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீடு, பிள்ளைங்க விசிலைக் கொஞ்சம் மெதுவா ஊதச் சொல்லலாம்னுதான் அன்னைக்கு வந்தேன், நீ என்ன நினைக்கிறேன்னு என்னை ஒருத்தர் கேட்டே ரொம்ப வருஷமாச்சா, அப்படியே உக்காந்துட்டேன்."