நூற்றுப் பன்னிரண்டு லா

"அறுபத்து மூணு," என்றார் மேலாளர் ராஜேஷ்குமார், கணினித் திரையை லோகேஸ்வரியின் பக்கம் திருப்பி. "நேத்து ஒரே நாள்ல அறுபத்து மூணு லா, மேடம்."

"அவ்வளவுதானா பாஸ்?" என்றாள் லோகேஸ்வரி. அவளுக்கு அது குறைச்சலாகவே பட்டது.

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் எட்டாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். இங்கிலாந்தில் யார் வீட்டு வெந்நீர் பாய்லர் மக்கர் செய்தாலும் மணி இங்கேதான் அடிக்கும். ஒன்பது வருடங்களாக லோகேஸ்வரி எடுத்துப் பேசுகிறாள், ஊர் வழக்கப்படி வாக்கியக் கடைசியில் ஒரு 'லா' சேர்த்து. "டோன்ட் வொரி லா, மிஸ்டர் ஆர்தர். பிரஸ் த ரெட் பட்டன் லா," என்று அவள் சொன்னால் பாய்லரே பயந்து எரியும். சரியான பிறகும் ஆர்தர் வாராவாரம் அழைத்துத் தன் பூனையின் வயிற்றுக்கோளாறு வரை சொல்வார். அப்படி அவளுக்கு அங்கே நானூறு பேர்.

சென்னையிலிருந்து வந்து மூன்றே மாதமான ராஜேஷ்குமார், அழைப்புகளைக் கேட்டு வேண்டாத சொற்களை எண்ணும் மென்பொருள் ஒன்றைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இது பூஜ்யம் ஆகணும். இல்லன்னா உங்கள ஈமெயில் செக்‌ஷனுக்கு மாத்திடுவேன்."

ஈமெயில் பிரிவில் பேச்சே கிடையாது. அங்கே போன ஒருத்தி ஆறே மாதத்தில் பிரிண்டரோடு பேசத் தொடங்கிவிட்டாள். பிரிண்டர் பதில் சொன்னதாகவும் கேள்வி.

அன்று செவ்வாய்க்கிழமை. உடனே மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டாள் லோகேஸ்வரி. லா வாய்க்கு வந்தால் ஒரு சுண்டு. மத்தியானத்துக்குள் கை பீட்ரூட் நிறமானது. வாய் அடங்கிவிட்டது என்றே நம்பினாள். மாலையில் திரை காட்டியது: எழுபத்தொன்று.

புதன்கிழமை, உப்பும் புளிப்புமாய்க் காய்ந்த 'அசாம் பொய்' பிளம் வற்றல் ஒன்றை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டாள். நாக்குக்கு நகர இடமில்லை. அவளுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று ஆர்தர் முக்கால் மணி நேரம் ஆறுதல் சொன்னார்.

எண்பத்தெட்டு.

பழக்கம் நிலைக்கட்டும் என்று கிள்ளானில் இருந்த தன் வீட்டிலும் பயிற்சி எடுத்தாள். கணவன் முகுந்தன் முன்னால் தட்டை வைத்து, "சாப்பிடுங்க," என்றாள்.

முகுந்தனுக்குக் கை நின்றுவிட்டது. பதினெட்டு வருடமாக அது 'சாப்பிடுங்க லா'.

"நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

"இதுக்கும் லா இல்ல." அவன் முகம் வெளுத்தது. "சரி, உனக்கு யாரோ சொல்லிட்டாங்க. உன் தம்பி காரைக் கீறினது நான்தான்."

அந்தப் பஞ்சாயத்து முடியவே ஒரு மணி நேரம் ஆனது.

வியாழக்கிழமை அவள் வாயிலிருந்து வந்தது மூன்றே சொற்கள்: யெஸ், நோ, ஓகே. அவள் மௌனத்தைத் தாங்காமல் அழைத்தவர்கள் எல்லாரும் கொட்டித் தீர்த்தார்கள். பாய்லர், பூனை, முழங்கால் வலி, மருமகள்.

நூற்றுப் பன்னிரண்டு.

"பேசாமலே நூத்துப் பன்னெண்டா?" ராஜேஷ்குமாரின் குரலில் பயம் கலந்த மரியாதை இருந்தது. "எப்படி மேடம்?"

"தெரியல பாஸ். மனசுல நினைக்கிறதையும் எண்ணுதோ என்னவோ."

வெள்ளிக்கிழமை காலை, தன் காபிக் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டாள். மூலையிலிருந்த ஈமெயில் மேசையைப் பார்த்தபோது கண் கலங்கியது. "போறதுக்கு முன்னாடி அந்த மெஷின ஒரு தடவ செக் பண்ணச் சொல்லுங்க பாஸ்," என்று மட்டும் கேட்டாள்.

கணினி பழுதுபார்க்கும் ஷாஹுல் ஹமீது வந்தான். காதில் ஹெட்போனை மாட்டி, வியாழக்கிழமைப் பதிவுகளை ஒரு மணி நேரம் கேட்டான். முதலில் புருவம் உயர்ந்தது. பிறகு தோள்கள் குலுங்கின. கடைசியில் ஹெட்போனைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு பாஸ், நூத்துப் பன்னெண்டும் நெசம். ஆனா அக்கா ஒண்ணுகூட சொல்லல லா, அத்தனையும் அந்தப் பக்கத்துல வெள்ளக்காரங்க சொன்னது."