பன்றிக்குள் கிடைத்த குண்டு

லிஃப்டில் பன்றி மேலே வந்துகொண்டிருந்தது. மொட்டைமாடியில் தவராசா பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு, முருகனிடம் மன்னிப்புக் கேட்டபடி நின்றான்.

கந்தசஷ்டி விரதம் நடந்துகொண்டிருந்தது. முட்டை பொரித்த சட்டியைக்கூட அவன் தொடாத நாட்கள். அந்த நாட்களாகப் பார்த்துத்தான் அவனுடைய முதலாளி காட்டுப்பன்றி ஒன்றைச் சுட்டுவிட்டார். முதலாளி பல் வைத்தியர். இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், லிபெர்த்தா பகுதியில் எல்லோருக்கும் அவர் தொத்தோரே, அதாவது டொக்டர் ஐயா. துவக்கும் இறகு குத்திய தொப்பியுமாக வருடாவருடம் மலைக்குப் போய்வருபவர். இதுவரை அங்கிருந்து கொண்டுவந்தது தடிமனும் இருமலும் மட்டுந்தான்.

இப்போது முழுப் பன்றியே வந்துவிட்டது. அதை உரித்து வெட்ட வேண்டியவன் தவராசா. ஏனென்றால் அவன் தேர்ந்த வேட்டைக்காரன்.

அப்படித்தான் தொத்தோரே நம்பிக்கொண்டிருந்தார். பிழை தவராசாவின் வாயுடையது. பலெர்மோவுக்கு வந்து இறங்குகிற யாழ்ப்பாணத்தவருக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் ஒன்று உண்டு: எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல், வேலையைப் பிறகு பழகலாம். வேலை கேட்டு வந்த அன்று அவன் அந்தப் பாடத்தை அப்படியே ஒப்புவித்தான். சமைப்பாயா? ஓம். இஸ்திரிப் பெட்டியால் துணி மினுக்குவாயா? ஓம். உங்கள் நாட்டுக் காட்டில் பன்றி உண்டாமே, வேட்டையாடியிருக்கிறாயா? அதற்கும் ஓம். ஊரில் அவன் செய்த தொழில், புடவைக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் மனைவி செல்வமலர் கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில், எப்போது பொலிஸ் வந்து கதவைத் தட்டுமோ என்று இருந்தாள். அவளை இங்கே கூப்பிட வேண்டுமானால் புதிய வேலை ஒப்பந்தத்தில் முதலாளியின் மனைவி, வீட்டுக்கார சின்யோரா கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் விசாக் காரியம் பார்க்கிற பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவின் வாசலில் ஏறியும் பயனில்லை. சின்யோரா எதையும் பிறகு பார்க்கலாம் என்கிற ரகம். பன்றி வருகிறது என்று வழியிலிருந்து தொலைபேசியில் சொன்னவளிடம் கேட்டபோதும், வியாழக்கிழமை தொத்தோரேயின் நண்பர்களுக்குப் பன்றி விருந்து இருக்கிறது, அது நல்லபடி முடியட்டும், பார்க்கலாம் என்றாள். செல்வமலரின் விசா இப்படியாகப் பன்றியின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பன்றி ஒரு மெக்கானிக்கின் மூன்று சக்கர வண்டியில் வந்திருந்தது. மலையடிவாரத்தில் இருக்கிற தங்கள் வீட்டிலிருந்து சின்யோராவும் தானும் திரும்பும் வழியில் பற்றரி இறங்கிவிட்டதால் காரை மெக்கானிக்கிடம் விட்டாயிற்று என்றார் தொத்தோரே. வழக்கமாக வந்ததும் வராததுமாக இரண்டு பேரையாவது ஏசுகிற சின்யோரா, அன்று ஒரு வார்த்தையும் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வீட்டுக்குள் ஒரு சொட்டு இரத்தமோ மணமோ வரக்கூடாது என்பது மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது.

தவராசா பின்படியால் சுவாம்பிள்ளையைக் கூட்டிவந்தான். நகரத்தின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில் அவனோடு ஒரே அறையில் இருப்பவர். முல்லைத்தீவுக்காரர். வன்னிக் காட்டில் தான் அடிக்காத மிருகம் யானை ஒன்றுதான், அதுவும் பாவம் பார்த்து விட்டது என்று சொல்லிக்கொள்வார். வந்தவர் கத்தியைத் தொடவில்லை. நாரிப்பிடிப்பு என்று இடுப்பைத் தடவி, துணிக்கொடிக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். கொடியில் கீழ்வீட்டு நீதிபதியின் மனைவியுடைய படுக்கை விரிப்புகள் வெள்ளைவெளேரென்று ஆடிக்கொண்டிருந்தன.

"முதல் வேலை, குடலைத் தொடாதை," என்றார் சுவாம்பிள்ளை. "வயித்தைத் திறந்தியெண்டால் மணம் தெரு முழுக்கப் போகும்."

"குடல் எடுக்காமல் எப்பிடி அண்ணை பன்றி வெட்டுறது?"

"காட்டுக்குள்ளை கழுவத் தண்ணிக்கு எங்கை போறது? நாங்கள் வயித்தைத் திறக்கிறேல்லை. பக்கவாட்டிலை சாய்ச்சுப் போடு. முதுகுப் பக்கத்தாலை வா."

தவராசா முதுகுப் பக்கத்தால் வந்தான். பிடரியிலிருந்து வால் வரைக்கும் முள்ளந்தண்டோடு தோலைக் கீறி, போர்வையை விலக்குவதுபோல் வயிற்றுப் பக்கமாக உரித்தான். முன்கால் உடம்போடு எலும்பால் மாட்டியிருக்கவில்லை. சதையை அறுத்ததும் கையோடு வந்தது. பின்தொடை இடுப்பு மூட்டில் கழன்றது. முதுகுச் சதை நீளமாக, அகலக்கரைச் சேலை மாதிரி வந்தபோது, தன் பழைய தொழில் வீண்போகவில்லை என்று அவனுக்குச் சிறு சந்தோசம்கூட வந்தது. கழுத்திறைச்சி, விலாவுக்கு இடைப்பட்ட இறைச்சி என்று ஒவ்வொன்றாகச் சுவாம்பிள்ளை ஞாபகப்படுத்தினார். ஒரு துண்டும் வீணாகக்கூடாது என்பது அவர் கொள்கை. வெட்டினவனுக்குக் கொஞ்சம், சொல்லிக்கொடுத்தவனுக்குக் கொஞ்சம் என்பதும் அந்தக் கொள்கையில் அடக்கம்.

பிரட்டிப் போட்டபோது மற்றப் பக்கத்து விலா நொறுங்கிக் கிடந்தது. முன்தோளுக்குக் கிட்டத் தோல் கிழிந்து, அடியில் இறைச்சி இரத்தம் கட்டிக் கறுத்திருந்தது.

"இதென்ன, ஆரோ உலக்கையாலை இடிச்ச மாதிரி?" என்று கேட்டார் சுவாம்பிள்ளை.

சூடு பட்டதும் பாறையிலிருந்து உருண்டு விழுந்ததாகத் தொத்தோரே சொன்னதைத் தவராசா சொன்னான். அப்படியென்றால் சரி என்று, கறுத்த இறைச்சியை மட்டும் அரிந்து எறியச் சொன்னார். தோல் கிழிந்த இடம்தான் சூடு பட்ட இடம் என்று இருவரும் முடிவுசெய்தார்கள். கடைசியாகப் பின்விலாவுக்குக் கீழே கீறி, கையை உள்ளே விட்டு, இரைப்பையை மெல்லத் தள்ளி, உள்முதுகுச் சதையையும் எடுத்தாயிற்று. எலும்புக்கூட்டுக்குள் குடல் பத்திரமாக, கட்டின மூட்டை கலையாமல் இருந்தது. மொட்டைமாடியில் சவர்க்கார மணந்தான் வீசியது.

அந்த நேரம் பார்த்துக் கீழே தொலைபேசி அடித்தது. தொத்தோரே தூக்கம். சின்யோரா கதவு திறக்கவில்லை. தவராசா ஓடிப்போய் எடுத்தான்.

பேசியது ஓய்வுபெற்ற கேணல். தொத்தோரேயின் வேட்டைக் கூட்டாளி, வியாழக்கிழமை விருந்தின் முதல் விருந்தாளி. தொத்தோரே பன்றி சுட்டதை நம்புவதைவிட, பன்றி தொத்தோரேயைச் சுட்டதை நம்பலாம் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உரித்தவன் நீதானா என்று கேட்டார். ஓம் என்றான் தவராசா. குண்டு கிடைத்ததா என்று கேட்டார். அதற்கும் ஓம் என்று வந்துவிட்டது. அப்படியானால் வியாழக்கிழமை மேசையில் அதை நான் பார்க்க வேண்டும் என்றார்.

"ஓம்," என்றான் தவராசா.

மேலே வந்து சொன்னதும் சுவாம்பிள்ளை தலையில் கைவைத்தார். வேட்டைக்காரன் குண்டைத் தவறவிடமாட்டான். தவறவிட்டால் அவன் வேட்டைக்காரன் இல்லை. இல்லையென்றால் பொய்யன். பொய்யனுக்கு எந்தச் சின்யோரா கையெழுத்துப் போடுவாள்?

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அதற்குப் பிறகுதான். முதலில் முன்கால்களைக் கீறிப் பார்த்தார்கள். இல்லை. கழுத்தை அரிந்தார்கள். இல்லை. தொத்தோரே முழுசாக நெருப்பில் வாட்ட வைத்திருந்த முதுகுச் சதை, தேடித் தேடியே கறித்துண்டாகிப் பிறகு கொத்திறைச்சியாகியது. சுவாம்பிள்ளை காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து தடவினார். ஈயத்தைக் காந்தம் பிடிக்காது என்பது இருவருக்கும் பிறகுதான் ஞாபகம் வந்தது.

"அப்ப அது வயித்துக்குள்ளைதான்," என்றார் சுவாம்பிள்ளை.

"வயித்தைத் திறக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்?"

"அது குண்டு தேடாத ஆக்களுக்கு."

தவராசா மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு திறந்தான். தெற்கிலிருந்து சூட்டுக்காற்று எழும்பிய நேரமும் அதுதான். மணம் நாலு திசைக்கும் போனது. கொடியிலிருந்த விரிப்பு ஒன்று பறந்துவந்து, திறந்த வயிற்றை மரியாதையாக மூடியது. அவன் முழங்கை வரைக்கும் துழாவினான். காட்டில் பன்றி தின்ற கஸ்தான்யாக் கொட்டைகள் கிடைத்தன. குண்டு கிடைக்கவில்லை. விரதகாரன் ஒருவன் கந்தசஷ்டி நாளில் பன்றிக் குடலுக்குள் கைவிட்டுக்கொண்டு அழுததை முருகனும் சுவாம்பிள்ளையும் மட்டுமே கண்டார்கள்.

செல்வமலர் கடைசியாகத் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதான், இன்னும் எவ்வளவு காலம் என்று. சரிவரும் என்று சொல்லியிருந்தான். அவளுக்கும் ஓம் சொல்லியே அவன் பழகியிருந்தான்.

எச்சத்தைக் கட்டி மெக்கானிக்கின் நாய்களுக்கு அனுப்பினான். மணம் பிடித்த விரிப்புகள் எல்லாவற்றையும் சின்யோராவின் மெஷினில் துவைத்து, காயவைத்து, மினுக்கி, மறுபடி கொடியில் போட்டான். மறுநாள் நீதிபதியின் மனைவி வந்து, தன் விரிப்புகள் கொடியில் கிடந்தே வெளுத்துவிட்டன, மினுங்கவும் செய்கின்றன, இது என்ன அதிசயம் என்று சின்யோராவிடம் கேட்டுவிட்டுப் போனாள். சின்யோரா தவராசாவை ஒரு பார்வை பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடைசி வழி சுவாம்பிள்ளையின் மூளையில் உதித்தது. கிடைக்காத குண்டைச் செய்துகொள்ள வேண்டும். துறைமுகத்தடிக் கடையில் தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக்கட்டி ஒன்று வாங்கினார்கள். சுட்ட குண்டு நெளிந்துதான் இருக்கும் என்று சுவாம்பிள்ளை சொல்ல, தவராசா அதைச் சுத்தியலால் அடித்து நெளித்தான். கையில் வைத்துக் கொடுத்தால் கேணல் சந்தேகப்படுவார். இறைச்சிக்குள்ளிருந்தே வந்தால் யார் கேட்பார்? தேடலுக்குத் தப்பி முழுசாக மிஞ்சியிருந்தது ஒரு பின்தொடை. அதில் சின்னதாகக் கீறி, ஈயத்தை ஆழமாகச் செருகி, மேலே ரோஸ்மேரியால் மூடினான்.

வியாழக்கிழமை மத்தியானம். ருசி பார்க்காமலே தவராசா சமைத்திருந்தான். கொத்திறைச்சியில் செய்த சோஸைக் கேணலே இரண்டாம் தரம் கேட்டார். தொத்தோரே கையை ஆட்டி ஆட்டித் தன் வேட்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். விடியற்காலைப் பனி, ஒற்றை வெடி, நேரே முன்தோளில். சின்யோரா தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குண்டு எங்கை?" என்று கேணல் தவராசாவின் பக்கம் திரும்பினார். அவர் கேட்டது இத்தாலியனில். பயத்தில் தவராசாவின் காதுக்கு எல்லாமே தமிழாகத்தான் விழுந்தது.

தவராசா பின்தொடையைக் கொண்டுவந்து தொத்தோரேயின் முன்னால் வைத்தான். தொத்தோரே கத்தியை இறக்கினார். டக் என்றது. கத்தி நின்றது. அவர் முள்ளுக்கரண்டியால் நெம்பி, நெளிந்த ஈயத்தை வெளியே எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். பல்லுக்குப் பதிலாகப் பாம்பைப் பிடுங்கிவிட்டவர் போலிருந்தார். சின்யோராவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

கேணல் ஈயத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "முன்தோளிலை சுட்டனெண்டு சொன்னீர். இது பின்தொடையிலை கிடக்கு."

தொத்தோரே கைத்துண்டால் நெற்றியைத் துடைத்தார். செல்வமலர் கொட்டாஞ்சேனை லொட்ஜின் யன்னலடியில் நிற்பது தவராசாவின் கண்ணுக்குத் தெரிந்தது.

"உள்ளுக்குள்ளாலை ஓடினது," என்றான் தவராசா. "எங்கடை காட்டிலையும் அப்பிடித்தான். எலும்பிலை பட்டால் குண்டு நிக்காது, பின்னுக்கு ஓடும்."

கேணல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து தொத்தோரேயின் கையைக் குலுக்கினார். மற்றவர்கள் கை தட்டினார்கள். தொத்தோரே மெல்ல நிமிர்ந்தார். காப்பி வருவதற்குள் பன்றி இன்னும் கொஞ்சம் பெரிதாகி, அவர்மேல் இரண்டு தரம் பாய்ந்தும் விட்டது.

தவராசா சமையலறையில் பாத்திரங்களுக்கு முன்னால் நின்றான். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சின்யோரா ஒப்பந்தத்தையும் பேனையையும் கொண்டுவந்திருந்தாள். அதைச் சுவரோடு வைத்துக் கையெழுத்துப் போட்டு, ஈரக் கையோடு நின்றவனின் சட்டைப்பையில் அவளே செருகினாள். அவன் நன்றி சொல்ல வாயெடுக்க, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பிறகு விருந்தாளிகளின் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கையெழுத்துப் போட்டிட்டன், இனிப் பயப்பிடாமல் சொல்லு. அண்டைக்குக் கார் ஓட்டினதும் நான், பன்றியை இடிச்சதும் நான். உந்தக் குண்டு எங்கையிருந்து வந்தது?"