பிடி திருத்துவோர் மீது ஒரு குற்றச்சாட்டு

1973ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றின் தேநீர் இடைவேளையில், மேற்பார்வையாளர் ஆதிநாராயணன் என்பவர், கோப்பைகளுக்குக் காது ஒட்டும் தொழிலாளி தர்மராஜ் என்பவரின் கையிலிருந்து, முக்கால் பாகம் நிறைந்திருந்த டீ கிளாஸை, "கிளாஸ அப்படிப் பிடிக்கக் கூடாதுப்பா, இப்படிக் குடு" என்று சொல்லி வாங்கி, பிடிக்க வேண்டிய முறையை விளக்கிக் காட்டிக்கொண்டே தாமே குடித்து முடித்து, காலி கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

இது குற்றச்சாட்டு எண் ஒன்று. தர்மராஜின் குறிப்புகளில் மொத்தம் நாற்பத்திரண்டு இருக்கின்றன. அஞ்ச வேண்டாம், அனைத்தையும் இங்கே வாசிக்கப் போவதில்லை.

ஆதிநாராயணன் ஒரு தனி மனிதர் அல்லர் என்பதை முதலில் பதிவு செய்தாக வேண்டும். அவர் ஓர் இனம். பிடி திருத்துவோர் என்று அந்த இனத்துக்குப் பெயர் வைக்கலாம். அவரை உங்களுக்குத் தெரியும். நீங்கள் குடையை விரித்தால் காம்பை இன்னும் கீழே பிடிக்கச் சொல்பவர், கரண்டியைத் தொட்டால் அது கரண்டியா கடப்பாரையா என்று விசாரிப்பவர், உங்கள் சைக்கிளோடு இணையாகத் தம் சைக்கிளை ஓட்டி வந்து ஹேண்டில்பாரில் உங்கள் சுண்டுவிரல் இருக்கும் இடம் சரியில்லை என்று கத்திவிட்டுப் போகிறவர், கோயில் வாசலில் தேங்காய் உடைக்க நீங்கள் ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்தி, குடுமி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பாடம் நடத்திப் பின்னால் நிற்கும் பதினைந்து பேரையும் வெயிலில் காக்க வைப்பவர், எல்லாரும் அவரே. அவர் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தால் திரும்பி வராது.

சரி, அவருக்காவது பிடிக்கத் தெரியுமா?

தர்மராஜிடம் இதற்குக் கணக்கு இருக்கிறது. ஆறு ஆண்டுகளில் ஆதிநாராயணன் கை நழுவி உடைந்தவை பதினொரு உருப்படிகள். பதினொன்றும் சரியான முறையைச் செய்து காட்டும்போதே உடைந்தன. பொருள் விழுந்தால் அவர் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. விழுந்ததற்குக் காரணம், நீங்கள் அதை அவரிடம் நீட்டிய விதம்.

தர்மராஜ் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய தாள்களைப் படித்தே மெமோவின் நடையையும் மெமோவுக்குப் பதில் எழுதும் நடையையும் தாமாகக் கற்றுக்கொண்டவர். தம் கைக்கு வந்த காகிதம் எதையும் அவர் எறிந்ததில்லை. எல்லாம் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன, 1961இல் பெண்ணாடத்துக்குப் போய் வந்த பஸ் டிக்கெட் உட்பட. அது எதற்கு என்று மனைவி பெரியநாயகி ஒருமுறை கேட்டார்.

"நாளைக்கு எவனாவது வந்து, நீ பெண்ணாடத்துக்கே போவலன்னு சொன்னான்னா?"

இதுவரை யாரும் வந்து சொல்லவில்லை. ஆனால் அவர் தயாராக இருந்தார்.

இத்தனை தயாரிப்புக்கும் ஒரு நோக்கம் உண்டு. ஆறு ஆண்டுகளாக அவர் தற்காலிகத் தொழிலாளி. 1973 ஜூலை முதல் தேதி நிரந்தரமாக்கப்பட இருந்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் மூன்றாவதாக இருந்தது. கோப்பில் ஒரே ஒரு மெமோ உறுதியானாலும் பெயர் அடிக்கப்படும் என்பது விதி. அந்த ஒரே ஒரு மெமோவை நோக்கித்தான் இனி கதை போகிறது.

அந்த ஆண்டு ஜனவரி வரை ஆதிநாராயணன் தம் நோயை ஓரளவு அடக்கத்தோடு வைத்திருந்தார். அவரிடம் ஆர்வம் இருந்தது, ஆதாரம் இல்லை. ஆதாரம் மங்கலம்பேட்டையில் பரக்கத்துல்லாவின் கடையில், ஜனவரி 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சோப்புப் பெட்டிகளுக்கும் டார்ச் லைட்டுகளுக்கும் நடுவே கிடைத்தது. முழ நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி. அதன் மேல் கறுப்பு ரப்பர். ரப்பர் முழுக்க விரல் பதியும் பள்ளங்கள், வெள்ளைக் கோடு போட்டவை ஒரு கைக்கு, சிவப்புக் கோடு போட்டவை இன்னொரு கைக்கு.

"இது என்ன பாய்?"

"மச்சான் பஹ்ரைன்லேர்ந்து கொண்டாந்தாங்க சார். அங்க எண்ணெய்க் கம்பெனி கிளப்புல சமையல் வேலை. வெள்ளைக்காரங்க மணல்ல கோல்ஃபு ஆடறாங்களாம். ஒரு துரை ஊருக்குப் போறப்ப விட்டுட்டுப் போயிட்டாரு."

"இதாலதான் பந்தடிக்கிறதா?"

"அதுக்குக் கம்பு தனியா இருக்குதாம். அந்தக் கம்ப எப்படிப் பிடிக்கிறதுன்னு பழகறதுக்குத்தான் இது."

"பிடிக்கப் பழகறதுக்கே தனிச் சாமானா?"

"ஆமாங்க. எப்படிப் பிடிச்சாலும் விரலு அதது எடத்துல போயி ஒக்காந்துக்கும்."

ஆதிநாராயணனின் கண்கள் கலங்கியதைப் பரக்கத்துல்லா பார்த்திருக்கிறார். இத்தனை ஆண்டுகள் வெறும் வாயால் போராடி வந்த இனத்துக்கு, கடல் கடந்த தேசத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கருவியே செய்து வைத்திருக்கிறான். கூடவே ஒரு துண்டுத் தாள். அதில் ஏழு படங்கள். ஏழிலும் கைகள் மட்டுமே இருந்தன, முகங்கள் இல்லை. உலகத்தை அவர் எப்போதும் பார்த்து வந்ததும் அப்படித்தான்.

மறுநாள் முதல் பட்டறையில் புதிய வழக்கம் ஏற்பட்டது. காலை மணி அடிப்பதற்கு முன் ஆளுக்கொரு நிமிடம் அந்தக் கருவியைப் பிடித்துவிட்டுத்தான் வேலைக்கு உட்கார வேண்டும். அந்த வட்டாரத்தில் கோல்ஃப் ஆடுபவர் ஒருவரும் இல்லை என்பதும், பந்தும் மைதானமும் எவரும் கண்ணால் கண்டதில்லை என்பதும் அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

சூளைக்குப் போகாத பச்சைக் கோப்பைகளை ஈரப் பஞ்சால் வழவழப்பாக்கும் கொளஞ்சியம்மாள் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பல்லு போனவங்க கடிச்சுப் போட்ட கரும்பாட்டம் இருக்குது."

"இது கோல்ஃபும்மா. பெரிய மனுஷங்க ஆடறது."

"நாம ஆடப் போறமா?"

"ஆடறது அப்புறம். மொதல்ல பிடி."

"பிடிச்சிட்டேன் சார். வுட்டுடலாமா?"

விடலாம் என்று சொல்லும் பழக்கம் பிடி திருத்துவோரிடம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

ஏப்ரலில் பரக்கத்துல்லா தம் மகள் அஜீஸாவின் நிக்காவுக்காக முந்நூறு கோப்பைகள் கேட்டார். ஆதிநாராயணன் இரண்டு நாள் யோசித்தார். கோப்பையின் பிடியை, அதாவது பட்டறையில் காது என்று சொல்லப்படுவதை, இந்தக் கருவியின் வடிவிலேயே வார்த்துவிட்டால் என்ன? வாங்குகிறவர் எவராயினும், எவ்வளவு தப்பாகப் பிடிக்க முயன்றாலும், சரியாகத்தானே பிடித்தாக வேண்டும்? தாளின் முதல் படத்தில் எந்தக் கை இருந்ததோ அந்தக் கைக்குரிய வெள்ளைக் கோட்டுப் பகுதியைச் சுற்றி, அவர் நேராகச் சாந்து ஊற்றி அச்சு எடுக்கச் சொன்னார்.

இந்த இடத்தில் தர்மராஜ் வாய் திறந்தார்.

"சார், மண்ணு சுருங்கும். காஞ்சு, சூளைக்குள்ள போயி வர்றதுக்குள்ள எட்டுல ஒரு பங்கு போயிடும். அச்சப் பெருசா எடுக்கணுங்க."

விருத்தாசலத்தில் பீங்கானைத் தொட்ட எவருக்கும் இது தெரியும். ஆதிநாராயணனுக்கும் தெரியும். முப்பது நாள் முன்பு பட்டறையில் வார்த்த பீங்கான் ஃப்யூஸ் கட்டைக்கு அவரே கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாக்கியவர்தான். ஆனால் இது ஃப்யூஸ் கட்டை அல்லவே.

"தர்மராஜ், இது அளந்து செஞ்ச சாமான். இதுல ஒரு நூல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

"நாம குறைக்க வேணாங்க. சூளை குறைச்சிடுமே."

"நீ காதப் பிடிக்கிற பிடி சரியா இருந்தா ஏன் சுருங்கப் போவுது?"

தர்மராஜ் ஒரு தாளை நீட்டி, அச்சின் அளவை மாற்ற வேண்டாம் என்பதை எழுதித் தரும்படி பணிவோடு கேட்டார். ஆதிநாராயணன் எழுதிக் கொடுத்தார், தாளை நீட்டிய விதத்தைத் திருத்திய பிறகு.

கோப்பைகள் சூளையிலிருந்து வெளிவந்தன. வெண்மையில் குறையில்லை, மினுக்கத்தில் குறையில்லை. காதில் நான்கு பள்ளங்கள் இருந்தன. அவற்றில் மூன்றரை விரல்கள்தான் அடங்கின. சுண்டுவிரல் வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. மற்ற விரல்களின் கீழ் பள்ளத்துக்குப் பதில் மேடு வந்து குத்தியது. மே 7ஆம் தேதி கோப்பைகளை எடுத்துப் போக வந்த பரக்கத்துல்லா, ஒன்றை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார், கடைசியில் கை மாற்றி எடுத்தார்.

"சார், இது பீச்சாங்கையால பிடிக்கிற கப்பா இருக்குதே."

"முதல் படத்துல இடது கைதான் பாய் இருக்குது. இந்தாங்க, தாளப் பாருங்க."

"அது பந்தடிக்கிறவங்க கைங்க. இவங்க டீ குடிக்க வர்றாங்க."

"பழக்கணும் பாய்."

"நிக்கா வர்ற வெள்ளிக்கிழமைங்க. முந்நூறு பேர எப்ப கூப்பிட்டுப் பழக்கறது?"

பரக்கத்துல்லா கோபிக்கவில்லை. மங்கலம்பேட்டையிலேயே டம்ளர்களுக்கு ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டு, வலது கையால் சலாம் வைத்துப் புறப்பட்டார்.

முந்நூறு கோப்பைகள் நின்றன. யாராவது பொறுப்பேற்க வேண்டும். மே 8ஆம் தேதி தர்மராஜுக்கு மெமோ வந்தது: ஒட்டும்போது காதுகளைத் தவறாகப் பிடித்ததால் அவை சிறுத்தும் திசை மாறியும் போயின, இது குறித்து விளக்கம் தருக. ஒப்பம், ஆதிநாராயணன்.

தர்மராஜ் அந்த மெமோவை மூன்று முறை படித்தார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்தார். ஒன்பது பக்கப் பதில், பதினான்கு இணைப்புகள். இணைப்பு ஒன்று, மார்ச் 12 டீ தொடர்பான குறிப்பு. இணைப்பு ஒன்பது, அச்சின் அளவை மாற்றக் கூடாது என்று ஆதிநாராயணன் கைப்பட எழுதித் தந்த தாள். இனி எவராலும் தம்மை அசைக்க முடியாது என்று அவர் நம்பினார்.

மே 21, திங்கட்கிழமை, நிர்வாகி லட்சுமிநாராயணனின் அறையில் விசாரணை நடந்தது. அவர் சாதுவான மனிதர். பதினான்கு இணைப்புகளைக் கண்டதும் மேலும் சாதுவாகி, ஒன்பதாவதை மட்டும் எடுத்துப் படித்தார்.

"தர்மராஜ், இது அச்சு அளவு பத்தின காகிதம். ஒட்டும்போது நீங்க சரியாத்தான் பிடிச்சீங்கன்னு காட்ட எதுவும் இருக்குதா?"

பஸ்ஸில் போனதற்கு டிக்கெட் உண்டு. பணம் கட்டியதற்கு ரசீது உண்டு. ஒரு கை ஒரு பொருளை எப்படிப் பிடித்தது என்பதற்கு உலகத்தில் எந்த அலுவலகமும் சான்று வழங்குவதில்லை. தகரப் பெட்டியில் இல்லாத ஒரே காகிதம் அதுதான் என்று தர்மராஜுக்கு அப்போது புரிந்தது.

"கையில காகிதம் இல்லீங்க. கைதான் இருக்குது."

"சூப்பர்வைசர் நேர்ல பார்த்தேன்கிறார். நான் என்ன செய்யறது?" என்றார் நிர்வாகி வருத்தத்தோடு, மெமோவை உறுதி செய்யும் தாளை இழுத்து வைத்துக்கொண்டார், பேனாவைத் திறந்தார். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பேனாவைச் செருகி, சுருட்டுப் பிடிப்பது போலப் பிடித்து எழுதுவது அவர் வழக்கம். முனை தாளை நோக்கி இறங்கியது. தர்மராஜின் ஆறு ஆண்டுகளும் அந்த முனையின் கீழே இருந்தன.

தர்மராஜ் தாளைப் பார்க்கவில்லை. ஆதிநாராயணனின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை துடித்தன. ஆதிநாராயணன் ஜெயித்துவிட்டார், இன்னும் ஒரே ஒரு கையெழுத்து, அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நின்றாரா? பல்லைக் கடித்தார். ஜன்னலைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கை அவிழ்ந்துகொண்டது.

"சார், பேனாவ அப்படிப் பிடிக்கக் கூடாதுங்க. இப்படிக் குடுங்க."

பேனா கை மாறியது. ஆதிநாராயணன் கட்டைவிரலின் இடத்தை விளக்கினார், சுட்டுவிரலின் சாய்வை விளக்கினார், மணிக்கட்டை விளக்க வந்தபோது பேனா நழுவி, கையெழுத்துக்கென்று விடப்பட்டிருந்த இடத்தில் தலைகுப்புற விழுந்து, உள்ளங்கை அகலத்துக்கு மையைக் கொட்டியது.

"நீங்க நீட்டினது கொஞ்சம் சாய்வா இருந்துது சார்" என்றார் ஆதிநாராயணன்.

நிர்வாகி மையின் மேல் ஒற்றுத்தாளை வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தர்மராஜ், அந்த முதல் இணைப்பு என்ன?"

"டீங்க."

நிர்வாகி முதல் இணைப்பை எடுத்து நிறுத்திப் படித்தார்.

"போன வாரம் எங்கிட்ட ஒரு டம்ளர் மோர் வாங்கினார்" என்றார். "அதுவும் திரும்பி வரல."

மெமோ ரத்தாயிற்று. முந்நூறு கோப்பைகள் குறித்தும் ஒரு பேனா குறித்தும் ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தருமாறு ஆதிநாராயணனுக்கு உத்தரவாயிற்று. தாளைப் பெற்றுக்கொண்ட ஆதிநாராயணன், அது மடிக்கப்பட்டிருந்த விதம் குறித்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனார். அந்த அளவுக்கு அவர் உடைந்திருந்தார்.

ஜூலையில் நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. தர்மராஜ் அதைத் தகரப் பெட்டியின் உச்சியில் வைத்தார். பெரியநாயகி மூடியைத் தூக்கி மூடப் போனார்.

"மூடிய ஓரத்துல பிடிக்கக் கூடாது, இப்படிக் கு..."

"இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ மூடு."

பெரியநாயகி மூடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நேர்மையான மனிதரான தர்மராஜ் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தேதியிட்டு எழுதினார்: குற்றச்சாட்டு எண் நாற்பத்து மூன்று. எதிரி, தர்மராஜ்.

ஆகவே, ஆறு ஆண்டுகள் பக்கத்தில் இருந்தாலே தொற்றிக்கொள்ளும் நோய் இது என்பது நிரூபணமாகிறது. இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். லட்சுமிநாராயணன் பேனாவைப் பிடித்திருந்த விதத்தைப் படித்தபோது, அது தவறு என்று உங்கள் மனத்தில் ஓடியதா, இல்லையா? உங்கள் விரல்கள் லேசாக அசைந்தனவா, இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று, தேதியும் கையெழுத்தும் இட்டு, இது கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். பேனாவை உங்களுக்குத் தோன்றியபடி பிடித்துக்கொள்ளலாம். நாம் ஒன்றும் சொல்ல மாட்டோம்.