பெலார்மினோவின் எடை

பெலார்மினோ ஜன்னலில் உட்கார்ந்தால் அங்கே ஒரு ஜன்னல் இருப்பதே தெரியாது. எங்கள் சொப்ரால் ஊரில் அவ்வளவு பருமனான மனிதர் வேறு யாரும் இல்லை. எதிர்ச்சாரியில் மருந்துக்கடை. அங்கே லவுரிந்தோ என்ற இளைஞன் மருந்துப் பொட்டலம் மடித்தபடி இந்த ஜன்னலையே பார்ப்பான். உள்ளே பெலார்மினோவின் ஒரே மகள் இதலீனா தைத்துக்கொண்டிருப்பாள். நடுவில் அப்பா.

காலஞ்சென்ற மனைவியை அவரும் இதே ஜன்னல் வழியாகத்தான் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டார். பார்வை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். மகளும் போய்விட்டால், சமையல்காரி ஸெஃபாவோடு சண்டை போட்டுக்கொண்டே மீதி நாளைக் கழிக்க வேண்டியதுதான். 

அது 1919, மே மாதம். சூரிய கிரகணத்தை ஆராய வந்த விஞ்ஞானிகள் குதிரைப் பந்தயத் திடலில் தொலைநோக்கிகளை நிறுத்தியிருந்தார்கள். மழை பொய்த்த வருஷம்தான். ஆனாலும் ஊரே வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி சந்தோஷம் அப்புறம் எங்களுக்கு வாய்க்கவில்லை.

அவர்களில், தலைநகர் ரியோவிலிருந்து வந்த ஒருவர் பெலார்மினோவின் துணிக்கடையில் இருந்த கறுப்புத் துணியை எல்லாம் எடுத்துக் குவித்தார்.

"இத்தனை கறுப்பா? யார் செத்துட்டாங்க?"

"தொலைநோக்கிக்குள்ள வெளிச்சம் புகாம மூடறதுக்குங்க. சூரியனை ஒட்டி வர்ற நட்சத்திர வெளிச்சம் வளையுதான்னு பாக்கப் போறோம்."

"அது எதுக்குய்யா வளையுது?"

"கனம்! கனமான பொருள் பக்கத்துல வந்தா வளைஞ்சுதான் வரும்னு சொல்றாங்க. பின்னால ஒளிஞ்சிருக்கிறதுகூட எட்டிப் பாத்த மாதிரி தெரியுமாம்."

பெலார்மினோ கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "சூரியனுக்கு மட்டுந்தானே இதெல்லாம்?"

"எதுவானாலும் சரி. கனம் கூடினா வளைவும் கூடும்." வந்தவர் அவருடைய வயிற்றை ஒருமுறை பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார்.

லவுரிந்தோவின் பார்வை தன் கனத்தைச் சுற்றி வளைந்து மகளிடம் போய்ச் சேருமே என்று பயந்து, அன்று மாலையே பெலார்மினோ அறிவித்தார். "ஸெஃபா, இனிமே எனக்கு ராத்திரிச் சாப்பாடு வேணாம்."

"என்ன பாவம் பண்ணினீங்க?"

"வெளிச்சம் வளையுது!"

"பசிச்சா அப்படித்தான் தெரியும் மொதலாளி."

ஆளை நிறுக்கும் தராசு ஊரிலேயே மருந்துக்கடையில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் தினமும் காலையில் அங்கேயே போனார். கிளம்பும்போது இதலீனா தொப்பியைத் துடைத்து, அவளே தலையில் வைத்துவிடுவாள். அங்கே லவுரிந்தோ பணிவே உருவாக நிற்பான்.

"தொப்பியைக் குடுங்க ஐயா. அதுவும் கனம்தானே."

எடை இறங்கியது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் புன்னகைத்தார்கள். தான் இளைத்த அழகைத்தான் ரசிக்கிறார்கள் என்று அவருக்குப் பெருமை. ஒரு ஆடு மட்டும் பின்னாலேயே வந்து தலைக்கு எம்பியது. "இளைச்சா ஆட்டுக்குக்கூட எளக்காரமா?" என்று அதை விரட்டினார்.

பெருமை நீடிக்கவில்லை. ஒருநாள் ஜன்னலில் உட்கார்ந்தபோது இடது பக்கம் இடைவெளி விழுந்திருந்தது. மறுவாரம் வலது பக்கமும். சாப்பிட்டால் வெளிச்சம் வளைந்து வருகிறது. சாப்பிடாவிட்டால் நேராகவே வருகிறது. மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு திரை போட்டா என்ன? துணிக்கடைதானே வச்சிருக்கீங்க?" என்றாள் ஸெஃபா.

"கறுப்பு முச்சூடும் தொலைநோக்கிக்குப் போயிடுச்சே!"

கிரகணத்தன்று திடலில் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேகம் விலகியது. பட்டப்பகலில் இருட்டியது. கோழிகள் அடைந்தன, பெண்கள் மண்டியிட்டார்கள், ஊரே அண்ணாந்து வாயைப் பிளந்தது. பெலார்மினோ மட்டும் மேலே பார்க்கவில்லை. இருட்டில் லவுரிந்தோ நின்ற இடத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வராத அந்த அழகை அவர் விட்டுவிட்டாரே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வெளிச்சம் திரும்பியதும் லவுரிந்தோ நேரே அவர் முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, இதலீனாவை எனக்குக் கட்டிக் குடுங்க. அவளுக்கும் சம்மதம். தூரமா எங்கேயும் போகலை, எதிர்வீட்டுலதான் இருப்போம்."

எதிர்வீடு என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"சம்மதமா? ஒரு வார்த்தை பேசாம எப்படிடா தெரியும்? நடுவுல நான்ல உக்காந்திருந்தேன்! வெளிச்சம் வளைஞ்சுதானே வந்துச்சு? சொல்லு!"

அதற்குள் அந்த ஆடு பின்னாலிருந்து எம்பி அவர் தொப்பியைக் கவ்வியது. கூட வந்திருந்த ஸெஃபா அதைப் பிடுங்கி, பின்பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினாள். தொப்பிப் பட்டையில் ஒரு கொத்தமல்லிக் கொத்து, ஆடு பாதி மென்றது போக மீதி.

"வெளிச்சம் எதுக்கு மொதலாளி வளையணும்? காலையில நம்ம வீட்டுக் கொத்தமல்லியோட போவீங்க, திரும்புறப்போ மருந்துக்கடைச் சாமந்திப் பூவோட வருவீங்க. ஊரே பாத்துச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போனதே நீங்கதான்!"